குருதிப் புரதத்தை எடைபோடும் கருவி

நம் குருதிக்குச் செந்நிறம் தருவது ஈமோகுளோபின் என்னும் புரதம். நுரையீரலில் பிராணவாயுவை ஏற்று உடலெங்கும் சுமந்து செல்வது அதன் தொழில். ஆல்பா சங்கிலிகள் இரண்டும் பீட்டா சங்கிலிகள் இரண்டும் பிணைந்தது ஓர் ஈமோகுளோபின் மூலக்கூறு. ஒவ்வொரு சங்கிலியும் அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலை போன்றது.

பீட்டா மாலையில் 146 மணிகள் உள்ளன. ஆறாவது மணியான குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் என்னும் வேறொரு மணி அமைந்துவிட்டால், பிராணவாயு குறையும்போது அப்புரதம் இழைகளாகத் திரளும்; வட்டமான சிவப்பணு அரிவாள்போல் வளைந்து விறைக்கும். அவ்வணுக்கள் நுண்ணிய குழாய்களை அடைத்துக் கடும் வலியை உண்டாக்கும். விரைவில் அழிந்து சோகையை விளைவிக்கும். இதுவே அரிவாளணுச் சோகை. மலையாளத்தில் 'அரிவாள் ரோகம்' என்பர்.

இந்நோய் நமக்குத் தொலைவில் உள்ளதன்று. 1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நீலகிரி மலைவாழ் மக்களிடையே இதன் கூறு இருப்பதைக் கண்டறிந்தனர். நீலகிரியின் தென்புறம், பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் வாழும் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடிகளிடமும் இது உண்டு. வயநாட்டில் செட்டிமாரிடமும் காணப்படுகிறது. ஆகவே இது ஒரு குலத்துக்கே உரிய நோயென்று கருதலாகாது.

வாலின், குளூட்டாமிக் அமிலத்தைவிட இலேசானது. ஹைட்ரஜன் அணுவின் எடையை ஏறத்தாழ ஓர் அலகாகக் கொண்டால், இயல்பான பீட்டா சங்கிலியின் எடை சுமார் 15,867. மாறிய சங்கிலியின் எடை சுமார் 15,837. வேறுபாடு முப்பதே அலகு. இச்சிறு வேறுபாட்டையும் அளந்து காட்டுவது நிறை நிறமாலைமானி.

ஒரு துளிக் குருதியை அமிலங் கலந்த நீர்மத்தில் கரைத்தால் சங்கிலிகள் பிரிகின்றன. அதனை மின்னழுத்தமுள்ள நுண்ணிய ஊசியின் வழியே தூவுகிறார்கள். நீர்மம் ஆவியாகிவிட, மின்னேற்றம் பெற்ற சங்கிலிகள் மட்டும் வெற்றிடத்தினுள் செல்கின்றன. அங்கே மின்புலம் அவற்றை எடைக்கும் மின்னேற்றத்துக்கும் ஏற்பப் பிரிக்கிறது. புரதங்களைச் சிதையாமல் இவ்வாறு தூவும் முறையைக் கண்ட ஜான் ஃபென் என்பவர் 2002ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரு எடைகளும் தோன்றினால் அவர் நோய்க்கூற்றைத் தாங்குபவர். மாறிய எடை மட்டுமே தோன்றினால் நோய் உடையவர் என்று ஐயுறலாம். ஆயினும் அண்மையில் பிறர் குருதி ஏற்றப்பட்டிருந்தால் முடிவு மயங்கும். அதனை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். மேலும், ஈமோகுளோபின் 'ஈ' போன்ற சில மாறுதல்களில் எடை வேறுபாடு ஓர் அலகே. அப்போது சங்கிலியைத் துண்டுகளாக்கி எடைபோடுவர்.

இக்கருவி விலை மிகுந்தது. எனவே நம் நாட்டில் பெரும்பாலும் கரைதிறன் சோதனையால் முதலில் சலித்து, பிறகு வேறு சோதனைகளால் உறுதி செய்கிறார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம் ஏழு கோடி மக்களைச் சோதிக்கத் திட்டமிட்டது.

கூற்றைத் தாங்குபவர் நோயாளி அல்லர். பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். ஆனால் தாய் தந்தை இருவரும் தாங்குபவராயின், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே அட்டப்பாடியை அடுத்தும், தேவிகுளம், பீருமேடு தோட்டங்களிலும் வாழும் நம்மவர், குடும்பத்தில் இந்நோய் உண்டென அறிந்தால், மணத்துக்கு முன்னரே குருதியைச் சோதித்துக்கொள்வது நன்று. குழந்தைக்கு அடிக்கடி மூட்டுவலியும் சோகையும் கண்டால், கண்ணேறு என்று காலங் கடத்தாது அரசு மருத்துவமனையை நாடுவோம். ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்துகள் வலியின் கொடுமையைக் குறைக்கின்றன. நோயை முன்னறிவதே குழந்தையைக் காக்கும் முதற்படி.