மாமனாரைப் பார்க்க இரண்டு காடுகள் தாண்டிய குடும்பம்

கொரோனா காலத்தில் பெங்களூரில் இருந்து கூடலூருக்கு ஒரு கார் பயணம்

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. கணவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் குமாஸ்தா. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். பெண்ணுக்கு அப்போது வயது 14. பையனுக்கு 8. கணவரின் தாயார், 67 வயது, இவர்களோடுதான் இருக்கிறார்.

மனைவியின் பிறந்த வீடு கூடலூர் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட லைன். அங்கே அவருடைய தகப்பனார் தனியாக இருந்தார். வயது 74.

அவர் இலங்கையில் இருந்து வந்தவர். 1964-ம் ஆண்டு அக்டோபரில் சாஸ்திரியும், ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் செய்து கொண்ட ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை ஏற்றுக் கொள்ள இந்தியா சம்மதித்தது அல்லவா? அந்தக் கணக்கில் வந்தவர்களில் ஒருவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, பிறகு நீலகிரிக்கு வந்து அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டு இறங்க மனம் வரவில்லை. பெங்களூரில் மகள் வீட்டுக்கு வந்தால் மூன்றாம் நாளே பையைத் தூக்கி விடுவார்.

2020-ம் ஆண்டு சித்திரையில் குடும்பத்தோடு ஊருக்குப் போவதாக இருந்தார்கள். மார்ச் 24-ந்தேதி இரவு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. சித்திரை போயிற்று. ஆடி போயிற்று. ஆவணியும் போயிற்று. தொழிற்சாலையில் மூன்று மாதம் பாதிச் சம்பளம். செப்டம்பரில் பெரியவர் ஈரப் படியில் சறுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. பக்கத்து லைன்காரர்கள்தான் கஞ்சி கொடுத்துப் பார்த்துக் கொண்டார்கள்.

"என்னை வந்து பார்க்க வேண்டாம்மா. ஊர் கெட்டுக் கிடக்கிறது. பிள்ளைகளை வெளியே விடாதே" என்று டெலிபோனில் சொல்வார். அடுத்த நிமிடமே, "சின்னவன் எத்தனை உயரம் இருக்கிறான்?" என்று கேட்பார். மகளுக்கு இரண்டாவது பேச்சுதான் காதில் விழுந்தது.

பஸ் இல்லை

செப்டம்பர் முதல் தேதியில் இருந்து தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று தளர்த்தினார்கள். ஆனால் நீலகிரிக்கு வேண்டும். வெளி மாநிலத்தில் இருந்து வருகிறவர்களுக்கும் வேண்டும். கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே பஸ் ஓடவில்லை. அந்த ஆண்டு தீபாவளி சமயத்தில், நவம்பரில்தான் இரண்டு மாநில பஸ்களும் எல்லை தாண்டின. அதற்குள் போக வேண்டுமானால் கார்தான். எட்டாயிரம் ரூபாய் வாடகை. பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் கை வைத்தார்கள்.

ஆயுத பூஜை விடுமுறையில் போவது என்று முடிவு. அக்டோபர் 25, ஞாயிறு ஆயுத பூஜை. அன்று வண்டியை எடுக்க மாட்டேன் என்று டிரைவர் சொல்லி விட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வண்டிக்குப் பூசை போடாமல் எந்த டிரைவர் வெளியூர் கிளம்புவார்? ஆகவே மறுநாள், விஜயதசமி அன்று அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். வண்டியின் முன்னால் செண்டுமல்லி மாலை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று.

தாயாரை வீட்டில் தனியே விட முடியாது. அதனால் அவரும் ஏறினார். இட்லி, புளிசாதம், இரண்டு பிளாஸ்க் வெந்நீர், குடிக்க எவர்சில்வர் கூஜாவில் தண்ணீர். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 2019 முதலே தடை. எல்லையில் பிடுங்கிக் கொள்வார்கள். வழியில் எந்த ஓட்டலிலும் இறங்குவதில்லை என்பது வீட்டுக்கார அம்மாளின் கண்டிப்பான உத்தரவு.

இன்னொரு முடிவும் எடுத்தார்கள். அங்கே இரவு தங்குவதில்லை. பெரியவர் வீட்டுக்குள் நுழைவதும் இல்லை. வாசலில் உட்கார்ந்து பார்த்து விட்டு அன்றே திரும்பி விடுவது. போக 260 கிலோ மீட்டர், வர 260 கிலோ மீட்டர்.

பையனுக்குச் சொன்ன வாக்கு

இந்தச் சாலையில் ஒரு விசேஷம் உண்டு. மைசூர், நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை தாண்டியதும் பந்திப்பூர் தேசியப் பூங்கா. மைசூர் மகாராஜா காலத்தில், 1931-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. 1970-களில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் சேர்க்கப்பட்ட காடுகளில் இதுவும் ஒன்று. அது முடிகிற இடத்தில் கக்கநல்லா சோதனைச் சாவடி. அதற்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் முதுமலை. அதாவது பெங்களூரில் இருந்து கூடலூர் போகிறவர் இரண்டு புலிக்காடுகளை நடுவே பிளந்து கொண்டுதான் போக வேண்டும். டிக்கெட் இல்லாமலே காடு பார்க்கலாம். 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பந்திப்பூர் வழியாக வண்டிகளுக்குத் தடை. ஆம்புலன்சும், குறிப்பிட்ட சில பஸ்களும் மட்டும் போகலாம். இரவில் லாரி மோதிச் செத்த மிருகங்களின் கணக்கைப் பார்த்தவர்கள் அந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டார்கள்.

"இந்தத் தடவை உன்னைப் பந்திப்பூரில் வன இலாகா பஸ்சில் காட்டுக்குள் கூட்டிப் போகிறேன்" என்று தகப்பனார் பையனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஏழு மாதம் அறைக்குள் அடைந்து கிடந்த பையன். புலியின் படத்தைச் சுவரில் வரைந்து வைத்திருந்தான்.

காடுகளும் அந்த ஆண்டு அடைந்துதான் கிடந்தன. ஏப்ரல் தொடக்கத்தில் நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில் ஒரு புலிக்கு கொரோனா என்று செய்தி வந்தது. மனிதனிடம் இருந்து புலிக்கு வந்ததாகச் சொன்னார்கள். உடனே இங்கே மத்திய அரசு எல்லா மாநிலங்களையும் எச்சரித்தது. தேசியப் பூங்காக்களில் ஆள் நடமாட்டத்தைக் குறைக்கச் சொன்னது. ஜூனில்தான் கர்நாடகக் காடுகளில் மறுபடி பார்வையாளர்களை விட்டார்கள்.

குண்டலுப்பேட்டையைத் தாண்டும்போது நன்றாக விடிந்து விட்டது. காட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். காவலர் முதலில் பார்த்தது முககவசத்தை அல்ல, வாழைக்கன்றை. "இதைக் கழற்றுங்கள், யானை வரும்" என்றார் கன்னடத்தில். அவர் சொன்னது விளையாட்டு இல்லை. சத்தியமங்கலம் பக்கம் ஆசனூர் சாலையில் கரும்பு லாரியை யானை மறிப்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். வாழைக்கன்று இறங்கியது. மாலை மட்டும் மிஞ்சியது.

பந்திப்பூர் வரவேற்பு நிலையத்தில்தான் இடி விழுந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களும், 10 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அப்போது மத்திய அரசின் அறிவுரை. அந்த வயதுக்காரர்களைக் காட்டுக்குள் ஏற்றுவதில்லை என்றார்கள். பாட்டிக்கும் கிடையாது, பையனுக்கும் கிடையாது.

"நீங்களும் பெரியவளும் போய் வாருங்கள். நாங்கள் வண்டியில் இருக்கிறோம்" என்றார் பாட்டி.

மருமகள் ஒப்பவில்லை. "ஏங்க, அந்த பஸ்சில் எந்தெந்த ஊர்க்காரர்கள் ஏறுகிறார்களோ? அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து விட்டு நேராக அப்பா முன்னால் போய் நிற்பதா? நாம் எதற்குக் கிளம்பினோம்?" என்று கேட்டார். அதற்குப் பதில் இல்லை. வண்டி கிளம்பியது. பையன் ஒரு சொல் பேசவில்லை. கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொண்டான்.

காடு அவனை முழுக்கக் கைவிடவில்லை. சிறிது தூரத்தில் சாலையோரம் புள்ளிமான் கூட்டம். அப்புறம் மூங்கில் புதரை ஒட்டி ஒரு பெண் யானை, வயிற்றுக்கு அடியில் குட்டி. டிரைவர் நிறுத்தாமல் மெதுவாகக் கடந்தார். முன்னால் போன ஒரு காரில் இருந்து சிலர் இறங்கி, முககவசத்தைத் தாடையில் இறக்கி, போட்டோ எடுத்துக் கொண்டிருந்தார்கள். ஒருவர் குரங்குக்குச் சிப்ஸ் வீசினார். வாரக் கணக்கில் மனித வாடையே இல்லாமல் இருந்த காட்டுக்கு மனிதன் திரும்பி வந்த லட்சணம் அது.

தெப்பக்காட்டில் நிற்கவில்லை

கக்கநல்லாவில் இ-பாஸ் பார்த்தார்கள். நெற்றிக்கு நேராகக் கருவியைக் காட்டிக் காய்ச்சல் சோதித்தார்கள். கூஜாவைப் பார்த்து, "இதுதான் சரி" என்று ஒரு காவலர் சிரித்தார்.

மாயாற்றைக் கடந்தால் தெப்பக்காடு யானை முகாம். காலையும் மாலையும் கேழ்வரகு, கொள்ளு உருண்டை பிடித்து யானைக்கு ஊட்டுவதை மற்ற நாட்களில் கூட்டம் கூடிப் பார்க்கும். இங்கேயும் இறங்கவில்லை. பாகன்களும், அவர்கள் குடும்பங்களும் பெரும்பாலும் குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடி மக்கள். முகாமை ஒட்டியே குடியிருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமானால் மலை ஏறிப் போக வேண்டும். பட்டணத்துக்காரர் ஒருவர் தும்மி விட்டுப் போனால் அதன் விலையை அவர்கள்தான் கொடுக்க வேண்டும். சுற்றுலா நின்றதால் ஜீப் ஓட்டுகிறவர்களும், டீக்கடைக்காரர்களும் அந்த ஏழு மாதத்தில் பட்ட பாடும் பொய் இல்லை. இரண்டும் ஒரே ஊரில் நடந்தவை.

பயம் வீண் இல்லை என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. 2021 ஜூனில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்கு கொரோனா கண்டு, நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. சில நாளில் ஓர் ஆண் சிங்கமும் இறந்தது. அதைத் தொடர்ந்து முதுமலையில் 28 வளர்ப்பு யானைகளுக்குச் சோதனை எடுத்தார்கள். நல்ல வேளையாக ஒன்றுக்கும் நோய் இல்லை.

வாசலில் மூன்று மணி நேரம்

கூடலூர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. பெரியவர் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். கையில் கோல்.

பையன் ஓடினான். தாய் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். இருவருக்கும் நடுவே பத்தடி. தாத்தா எழுந்து கையை நீட்டினார். பிறகு நீட்டிய கையை மடக்கி, கோலை ஊன்றிக் கொண்டார்.

"வளர்ந்து விட்டான்" என்றார்.

"வாங்க மாப்பிள்ளை, உள்ளே வாங்க" என்று வழக்கம் போல் அழைத்தார். "இருக்கட்டும் மாமா, இங்கேயே இருக்கிறோம்" என்றார் மருமகன். பலா மரத்தடியில் பாய் விரித்தார்கள். கொண்டு போன மருந்து, பலகாரம், புதுக் கம்பளி எல்லாவற்றையும் திண்ணையில் வைத்து விட்டு விலகிய பிறகு அவர் வந்து எடுத்துக் கொண்டார். சொந்த மகளிடம் இப்படி வாங்க வேண்டியிருக்கிறதே என்று அவர் சொல்லவில்லை. மகள்தான் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக் கொண்டே இருந்தார்.

பேச்சு வேறு பக்கம் போயிற்று. ஊரடங்கில் சாலையில் வண்டிகள் இல்லாததால் யானைகள் பகலிலேயே தோட்டத்துக்குள் வந்து போனதைப் பெரியவர் சொன்னார். பையன் புலி பார்க்க முடியாமல் போனதைச் சொன்னான். "புலியை நான் இத்தனை வருஷத்தில் இரண்டே தடவைதான் பார்த்தேன். அது நம்மைத் தினம் பார்க்கும்" என்றார் தாத்தா. பையன் அப்போதுதான் சிரித்தான்.

ஒன்றரை மணிக்குக் கிளம்பி விட்டார்கள். பொழுது இருக்கும்போதே காட்டைத் தாண்ட வேண்டும். திரும்பும் வழியில் யானையும் இல்லை, மானும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு ஸ்ரீராமபுரம்.

அதற்குப் பிறகுதான் பெரிய கவலை. 14 நாளும் காலை, மாலை டெலிபோன். "இருமல் இருக்கிறதா அப்பா?" "இல்லை." "காய்ச்சல்?" "இல்லை." ஒன்பதாம் நாள் லேசாகத் தொண்டை கட்டியிருக்கிறது என்றார். அன்று இரவு அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை. கூடலூர் குளிர்தான் காரணம் என்று மறுநாள் தெரிந்தது.

2021 ஏப்ரலில் இரண்டாவது அலை வந்தது. 20-ந்தேதி முதல் சுற்றுலாப் பயணிகள் நீலகிரிக்கு வரத் தடை போட்டார்கள். அந்த ஆண்டு சித்திரைக்கும் போக முடியவில்லை. பெரியவர் தோட்டத்து நண்பர்களோடு போய் இரண்டு தவணை ஊசியும் போட்டுக் கொண்டார்.

2022 மே மாதப் பள்ளி விடுமுறையில் குடும்பம் மறுபடி போயிற்று. இந்தத் தடவை பஸ்சில். நான்கு நாள் தாத்தா வீட்டில் தங்கினார்கள். பையனுக்குப் பத்து வயது ஆகியிருந்தது. தெப்பக்காட்டில் வன இலாகா வண்டியில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காட்டெருமையும், மயிலும் பார்த்தான். புலி வரவில்லை.