கணனி இசைத்தாளிற் கட்டங்களின் இயல்பு

மேனாட்டிசையை ஐங்கோட்டில் எழுதுங்கால், தாளக்கணக்கு நிறையுந்தோறும் ஒரு குத்துக்கோடு இடப்படும். இரு கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியை ஆங்கிலத்தார் ‘பார்’ என்பர். தமிழிற் கட்டம் எனலாம். கையால் எழுதுவோன் சுரங்களை முன்னர் இட்டுக் கணக்கு நிறைந்தவிடத்துக் கோடிழுப்பான். மியூஸ்கோர் முதலிய மென்பொருள்களிலோ இம்முறை தலைகீழாகின்றது. கட்டமே முற்பட அமையும். அதனுள் ஓய்வுக்குறி நிறைந்து நிற்கும். சுரம் வந்து அவ்வோய்வின் இடத்தைக் கொள்ளும். பயில்வோர் படும் இடர்கள் பலவும் இவ்வேறுபாட்டை உணராமையாலே நேர்வன.

நான்கெண்ணிக்கைக் கட்டத்தின் நான்காம் எண்ணில், இரண்டெண்ணிக்கை நீளும் சுரத்தை இட்டால், மியூஸ்கோர் அதனை இரு கூறாக்கி, பிற்கூற்றை அடுத்த கட்டத்தில் வைத்து, இரண்டையும் வளைகோட்டாற் பிணைக்கும். கட்டத்தைத் தெரிந்து ‘டிலீற்’ விசையை அழுத்தினாற் சுரங்களே நீங்கும், வெறுங்கட்டம் எஞ்சும். ‘கொன்ட்றோல்’ விசையையும் உடனழுத்தினாலே கட்டம் அழியும். அக்கட்டம் எல்லா வாத்தியங்களுக்கும் பொதுவாதலின், குழலுக்கெனக் கருதி அழித்தது வயலினுக்கும் அழிந்துபோம்.

எடுப்பு வேறுபடுமிடத்து இன்னும் நுணுக்கம் வேண்டும். தாளந் தொடங்கியபின் பாட்டெழுவதை அநாகதம் என்றும், தாளத்துக்கு முன்னெழுவதை அதீதம் என்றும் கருநாடக இசைநூலார் வகுப்பர். 1808இல் அரங்கேறிய பெற்றோவனின் ஐந்தாஞ் சிம்பனி, இரண்டெண்ணிக்கைத் தாளத்தில் அரையெண்ணிக்கை ஓய்ந்து, பின்னர் மூன்று அரையெண்ணிக்கைச் சுரங்களோடு எழுகின்றது. இஃது அநாகதத்தை ஒப்பது. ஓய்வுக்குறியே கட்டத்தை நிறைத்தலின் தனி ஏற்பாடு வேண்டா.

மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் ஓரெண்ணிக்கை முந்தியெழும் பாட்டு அதீதம் போல்வது. அதற்கு முன்னே இரண்டு ஓய்வுகளை இட்டு முழுக்கட்டமாக்குவாரும் உளர். தொடக்கத்துச் சிறு மௌனமன்றி ஓசையிற் பிழை தோன்றாது, கட்டவெண்ணோ பிழைபடும். குறைவான முதற்கட்டத்தை எண்ணாதுவிடுதலே அச்சுநூல் மரபு. ஆகவே அச்சுநூலில் 16ஆங் கட்டமாயிருப்பது இவர்தாளில் 17 ஆகும். ஒத்திகையில், 17ஆங் கட்டத்திலிருந்து தொடங்குக என்று நடத்துநர் பணித்தால், ஒருசாரார் ஓரிடத்தும் ஏனையோர் வேறிடத்தும் எடுப்பர். பிழை எவருடையதென்று அறியுமுன் அன்றைய ஒத்திகையிற் பாதி கழிந்துவிடும். மியூஸ்கோரிற் கட்டத்தின் பண்புகளைத் திறந்தால், பெயரளவான நீளமும் மெய்ந்நீளமும் வேறுவேறாகக் காணப்படும். முன்னது 3/4 ஆக நிற்க, பின்னதை 1/4 ஆக்கி, கட்டவெண்ணினின்றும் அதனை விலக்குதல் வேண்டும். முதலிற் கூடிய ஓரெண்ணிக்கையை ஈற்றுக்கட்டத்திற் குறைத்து, அங்கு மெய்ந்நீளத்தை 2/4 ஆக்குதலும் மரபாம்.

இனிக் கட்டமே இல்லாத இசையும் உண்டு. எரிக் சாற்றி என்னும் பிரெஞ்சு இசையாசிரியரின் ‘நொசியென்’ என்னும் பியானோ உருப்படிகளில், 1893இல் அச்சேறிய மூன்றும் கட்டக்கோடின்றி அமைந்தவை. நமது ஆளத்தியும் தாளக்கட்டில்லாதது. இவற்றை எழுதுவோர் கோட்டை மறைத்துவிடுதலே எளிதென எண்ணுவர். ஆயின் மறைந்த கோட்டையும் மென்பொருள் கோடாகவே கொள்ளும். ஒரு சுரத்தின்முன் இட்ட ஏற்றக்குறி அக்கட்டத்தின் எல்லைவரையே செல்லும்; எல்லை கடந்தபின் அச்சுரம் இயல்பான நிலையில் வரின் விலக்குக்குறி தோன்றாது. கோட்டைக் காணாத வாசிப்போன் ஏற்றச்சுரத்தையே தொடர்ந்து வாசிப்பான். ஆதலின் கோட்டை மறைப்பவர், மறைந்த எல்லைக்கு அப்பாலுள்ள அத்தகைய சுரங்கள்தோறும் விலக்குக்குறியைத் தாமே இட்டுச் செல்லல் வேண்டும்.