சாலைப்பணிகளும் சிறுமியர் பாதுகாப்பும்: உகாண்டா நிகழ்வை முன்வைத்து

மேற்கு உகாண்டாவில் ஃபோர்ட் போர்ட்டல், காம்வெங்கே நகரங்களுக்கிடையிலான 66 கிலோமீட்டர் சாலைப்பணிக்கு உலக வங்கி நிதியளித்தது. பணிக்கு வந்த தொழிலாளர் சிலர் சிறுமியரைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கினர். கருவுற்ற சிறுமியர் பள்ளியை விட்டு நீங்கினர். பிகோடி ஊரார் முறையிட்டபின், 2015 டிசம்பரில் வங்கி அத்திட்ட நிதியை இரத்துச் செய்தது. இழந்த படிப்பை அது மீட்டுத் தராது.

ஆகவே தடுப்பு, ஒப்பந்தம் எழுதும்போதே தொடங்கவேண்டும். நடத்தை விதிகளில் கையொப்பம் பெறுதல் எளிது. மீறுவோர் பணிநீக்கம் செய்யப்படுவர் என்பதும், 18 வயதுக்குட்பட்டோரின் இசைவு ஏற்கப்படாது என்பதும் ஒப்பந்த நிபந்தனைகளாக வேண்டும். இவற்றினும் முதன்மையானது, முறையீட்டைப் பெறுபவர் யார் என்பது. பணிக்கள மேற்பார்வையாளரே அதனைப் பெறுவாராயின் அச்சத்தால் எவரும் முன்வாரார். ஒப்பந்தக்காரரைச் சாராத, உள்ளூர் மொழி அறிந்த பெண்ணொருவர் அப்பொறுப்பை ஏற்றல் தகும். முறையிடுவோரின் பெயர் மறைக்கப்படவேண்டும். மருத்துவமும் சட்ட உதவியும் விசாரணை முடியும்வரை காத்திராமல் உடனே கிடைக்கவேண்டும்.