மல்லிகைத் தொட்டியும் மரத்துப்போன பாதமும்

ஒவ்வொரு கோடையிலும், உள்ளங்காலில் கொப்புளத்துடன் வரும் சர்க்கரை நோயாளிகளை எமது பிரிவில் காண்கிறோம். அவர்களுள் சிலர் மொட்டை மாடியில் பூச்செடி வளர்ப்பவர்கள். வெயிலில் காய்ந்த தளத்தில் வெறுங்காலுடன் நின்று செடிகளுக்கு நீர் ஊற்றியிருப்பார்கள், சுட்டது தெரிந்திருக்காது. மறுநாள் படுக்கை விரிப்பில் ஈரத்தைக் கண்ட பிறகே கொப்புளம் உடைந்ததை அறிவார்கள். நீண்ட காலச் சர்க்கரை நோய் பாத நரம்புகளைப் பாதிப்பதால் சூடும் வலியும் உணரப்படுவதில்லை.

"இனிமேல் அம்மா மாடிக்கே போகக் கூடாது என்று நீங்கள் சொல்லிவிடுங்கள், டாக்டர்" என்று உடன் வரும் பிள்ளைகள் கேட்பதுண்டு. நாங்கள் அவ்வாறு சொல்வதில்லை. அன்றாடம் நடந்தும் குனிந்தும் செய்யும் இவ்வேலை உடலுக்கும் மனத்துக்கும் நல்லது. மாற்ற வேண்டியவை நேரமும் காலணியுமே.

செடியை நிழலுக்கு நகர்த்துவது தீர்வாகாது. குண்டுமல்லிக்கு நேரடி வெயில் இன்றியமையாதது. நிழலில் இலை தழைக்கும், மொட்டு குறையும். ஆகவே செடி வெயிலிலேயே இருக்கட்டும். நீங்கள் தளம் சூடேறுமுன் காலையில் சென்று வாருங்கள். மண்ணில் ஒரு குச்சியைச் செருகிப் பாருங்கள். ஈரமண் ஒட்டி வந்தால் அன்று நீர் வேண்டாம். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, உணவு உண்ணாமல் வேலையில் இறங்காதீர்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள்.

நவம்பர் இறுதி கவாத்துக் காலம். மழை ஓய்ந்த நாளில், தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி விட்டு மேற்கிளைகளையும், காய்ந்த கிளைகளை முழுவதுமாகவும் வெட்டி, தொழுவுரம் இட வேண்டும். பூ புதுத் துளிரில்தான் வரும் என்பதால் வெட்டத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் எமக்குக் கவலை தருவதும் இந்த வேலைதான். வெட்டுண்ட குச்சிகள் முள்ளைப் போன்றவை. ரப்பர்ச் செருப்பையும் துளைத்துவிடும். கெட்டியான அடிப்பாகம் கொண்ட மூடிய காலணியை, உள்ளே கைவிட்டுப் பார்த்த பின் அணியுங்கள். காலுறை வெள்ளை நிறமாக இருந்தால் இரத்தக் கசிவு கண்ணில் படும். முடிந்ததும் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். பார்வை குறைந்தவர்களுக்கு வீட்டார் பார்க்க வேண்டும்.

காயம் கண்டால் சுத்தமான நீரில் கழுவி, தூய துணியால் மூடி, அன்றே வாருங்கள். மஞ்சள், காப்பித்தூள், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். டெட்டனஸ் ஊசி தேவையா என்பதையும் அப்போதே முடிவு செய்யலாம்.

வெயிலில் செழிக்கும் நித்தியகல்யாணியைச் 'சர்க்கரைக்கு நல்லது' என்று கொதிக்கவைத்துக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் இச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே. அது நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. ஏற்கெனவே மரத்த பாதத்துக்கு அந்தச் சோதனை தேவையில்லை.

அடுத்த முறை வரும்போது, செடி வேலைக்கு அணியும் காலணியையும் எடுத்து வாருங்கள். பாத உணர்வைப் பரிசோதிக்கும்போதே அதன் உட்புறத்தையும் அடிப்பாகத்தையும் பார்த்துச் சொல்கிறோம்.