எழுத்தில் ஓடிய பந்து

பந்தை உதைக்காமல், அணியின் மேலாளராக மட்டும் இருந்து ஆடும் கணினி விளையாட்டுக்கு 1982இல் கெவின் டாம்ஸ் உருவாக்கிய 'ஃபுட்பால் மேனேஜர்' வழிவகுத்தது என்றாலும், பிரிட்டனில் ஒரு தலைமுறைச் சிறுவர்களின் தூக்கத்தைக் கெடுத்த பெருமை, காலியர் சகோதரர்கள் வடிவமைத்து 1992இல் வெளியான 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' வரிசையையே சேரும். வீரர்களை வாங்கி விற்று, பதினொருவரைத் தேர்ந்து, வியூகம் வகுப்பதோடு ஆடுபவரின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். 2001இல் வந்த 01/02 பதிப்பில்கூட ஆட்டம் படமாகத் தெரியாது, திரையில் மாறிமாறித் தோன்றும் ஒற்றை வரி வர்ணனைதான் ஆட்டம், மைதானத்தைச் சிறுவர்கள் தாமே கற்பித்துக்கொண்டார்கள்.

வேகம், துணிவு, பந்தைக் கடத்தும் திறன் முதலியவை ஒவ்வொரு வீரருக்கும் 1 முதல் 20 வரையிலான மதிப்பெண்களாகத் தரப்பட்டிருந்தன. இவற்றைப் பல நாடுகளிலும் இருந்த கால்பந்து ஆர்வலர்கள் திரட்டித் தந்தனர். மில்வால் கழகத்தின் இளைஞர் செர்னோ சாம்பா இவ்விளையாட்டில் கோல்களைக் குவித்தார். நிஜத்தில் அந்த உயரத்தை அவர் எட்டவில்லை. அதைவிட வேடிக்கை, போர்ச்சுகலின் கூவெயா அணியில் இருந்த டோ மடேரா: எவராலும் தடுக்க முடியாத இந்த முன்கள வீரர் உலகில் பிறக்கவேயில்லை, தகவல் திரட்டிய ஒருவரின் குறும்பில் உருவானவர்.

பின்னர் உருவாக்கியவர்களும் வெளியீட்டு நிறுவனமும் பிரிந்தபோது, பெயர் ஒரு தரப்புக்கும் தரவுத்தளமும் நிரலும் மறு தரப்புக்கும் போயின. 01/02 பதிப்பையோ, இன்றைய வீரர்களின் பெயர்களைப் புகுத்தி ரசிகர்கள் இன்னும் ஆடிவருகிறார்கள்.