பாலாற்றில் ஏன் நீராவிப் படகு ஓடல?

போன மாசம் ஆபீஸ் நண்பர்களோட ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். ஜமுனாமரத்தூர் ஏரியில பெடல் படகு எடுத்தோம். பத்து நிமிஷத்துல எனக்குத் தொடை கழண்டுடுச்சு. மூச்சு வாங்க நிறுத்தினப்பதான் குனிஞ்சு பார்த்தேன். அடியில ஒரு சின்னத் துடுப்புச் சக்கரம். நாம மிதிக்கிறோம், சக்கரம் தண்ணிய பின்னால தள்ளுது, படகு முன்னால போகுது. என் காலுக்குப் பதிலா ஒரு பாய்லரும் பிஸ்டனும் இருந்தா, அதுதான் 19-ஆம் நூற்றாண்டோட நீராவிப் படகு. இன்னைக்கு எபிசோட் அதப் பத்திதான்.

முதல்ல வேலை செய்யற விதம். தண்ணி ஆவியானா சுமார் 1,600 மடங்கு இடத்த அடைச்சுக்கப் பார்க்கும். பாய்லருக்குள்ள இடம் இல்ல, அதனால அழுத்தம் ஏறுது. அந்த அழுத்தம் பிஸ்டனத் தள்ளும், பிஸ்டன் சக்கரத்தச் சுத்தும். துடுப்புச் சக்கரம் தண்ணியோட மேல்பக்கத்துலயே வேலை செய்யும், ஆழம் தேவையில்ல. அதனால மணல் திட்டு நிறைஞ்ச ஆறுகளுக்கு அது சரியான டிசைன்.

1807-ல ராபர்ட் ஃபுல்டன் நியூயார்க்குல இருந்து ஆல்பனி வரைக்கும், சுமார் 240 கிலோமீட்டர், எதிர் நீரோட்டத்துல 32 மணி நேரத்துல போய்க் காட்டினார். நம்ம பக்கம் வர அதிக நாள் ஆகல. 1823-ல கல்கத்தாவுல 'டயானா' தண்ணியில இறங்குச்சு. அடுத்த வருஷமே முதல் பர்மா போர். கம்பெனிப் படை அதை ஐராவதி ஆத்துல கொண்டுபோய் நிறுத்துச்சு. காத்தும் நீரோட்டமும் எதிரா இருந்தாலும் போகிற படகு. எதிர்ல இருந்தவங்ககிட்ட துடுப்புப் போடுற ஆள்பலம் மட்டும்தான். 1834-ல கங்கையில கல்கத்தா–அலகாபாத் சேவை தொடங்குச்சு. எஞ்சின் இருக்கிற படகு முன்னால இழுக்கும், பயணிகள் பின்னால தனிப் படகுல உட்கார்ந்து வருவாங்க.

அப்போ நம்ம பாலாறு? ஜவ்வாது மலையில பிறக்கிற செய்யாறு? இங்க ஏன் வரல? பதில் எளிமையானது. எஞ்சின் எவ்வளவு நல்லதா இருந்தாலும் வருஷம் முழுக்கத் தண்ணி வேணும். நம்ம ஆறுகள் மழை பெஞ்சா வெள்ளம், மத்த மாசம் மணல். அதனால நீராவி நமக்கு ஆத்து வழியா வரல, தண்டவாளத்து மேல வந்துச்சு. 1856 ஜூலை 1, ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில். அப்புறம் அந்தத் தடம் ஜோலார்பேட்டை வரைக்கும், அதாவது இந்த மலைகளோட அடிவாரம் வரைக்கும் வந்து, மேற்கே போச்சு. சென்னை மாகாணத்துல அந்த எஞ்சின்கள் பல வருஷம் விறகத் தின்னுதான் ஓடுச்சு. ஆக, படகு வராத ஊர்லயும் நீராவி தன் விலைய வாங்காம விடல. அந்த விலை காடு.

இத எதிர்த்து ஒருத்தர் கத்திக்கிட்டே இருந்தார்: சர் ஆர்தர் காட்டன். காவிரியில மேலணை கட்டினவர், கோதாவரியில தவளேசுவரம் அணை கட்டினவர். ரயிலுக்குக் கொட்டுற காசுல கால்வாய் வெட்டுங்க, அதே தண்ணியில சரக்கும் போகும், வயலும் விளையும்னு அவர் வாதம். கோதாவரியில முயற்சியும் பண்ணாங்க. பாறைத் தடைகளத் தாண்ட அணையும் மடையும் கட்டி, உள்நாட்டுப் பருத்திய நீராவிப் படகுல கடற்கரைக்குக் கொண்டுவரத் திட்டம். செலவு ஏறிக்கிட்டே போச்சு. 1871-ல கைவிட்டுட்டாங்க. தும்முகூடத்துல அன்னைக்குக் கட்டின அணை இருக்கு. கப்பல் கனவு போயிடுச்சு.

இன்னைக்கு நிலைமை என்ன? வங்கதேசத்துல 'ராக்கெட்'னு கூப்பிடுற துடுப்புச் சக்கரக் கப்பல்கள் ரொம்ப நாள் ஓடுச்சு, நீராவி எஞ்சின கழட்டி டீசல் மாட்டி. 2022-ல பத்மா பாலம் திறந்ததும் பயணிகள் ரோட்டுக்கு மாறிட்டாங்க. நம்ம நாட்டுல 2023 ஜனவரியில 'கங்கா விலாஸ்' வாரணாசியில இருந்து திப்ரூகருக்குக் கிளம்புச்சு. 51 நாள், சுமார் 3,200 கிலோமீட்டர், 36 பயணிகளுக்கு இடம். அன்னைக்கு அவசரத்துக்காக ஆத்துல போனாங்க, இன்னைக்கு அவசரமே இல்லாதவங்க போறாங்க.

இப்போ நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம். எங்க தாத்தா ஜோலார்பேட்டையில பயர்மேனா இருந்தவர். பாய்லர்ல ஈயம் அடைச்ச ஒரு ப்ளக் இருக்கும்னு சொல்வார். தண்ணி மட்டம் குறைஞ்சா அந்த ஈயம் உருகி, நீராவி நெருப்புப் பெட்டிக்குள்ள பாய்ஞ்சு எச்சரிக்கும். "எஞ்சின் பொய் சொல்லாதுடா, மனுசன்தான் காதுல வாங்க மாட்டான்"பார்.

1865-ல மிசிசிப்பியில 'சுல்தானா'ங்கிற படகு. அனுமதி 376 பேருக்கு. ஏத்தினது 2,000-க்கும் மேல. பாய்லர் வெடிச்சு 1,100-க்கும் அதிகமானவங்க செத்தாங்க. இப்போ பாய்லர் இல்ல, ஆனா தண்ணி அதே தண்ணிதான். 2019 செப்டம்பர்ல, கோதாவரியில வெள்ளம் ஓடிக்கிட்டிருந்தப்போ, பாப்பிகொண்டலு பாக்கப் போன ஒரு சுற்றுலாப் படகு கச்சுலூரு பக்கத்துல கவிழ்ந்துச்சு. 70-க்கும் மேற்பட்டவங்க இருந்தாங்க. 40-க்கும் அதிகமானவங்க திரும்பி வரல.

ஜமுனாமரத்தூர்ல அன்னைக்கு செல்ஃபிக்காக லைஃப் ஜாக்கெட்டக் கழட்டினவன் நான்தான். "சின்ன ஏரிதானே"ன்னு நினைச்சேன். தாத்தா இருந்திருந்தா ஒரு அறை விட்டிருப்பார்.

அடுத்த தடவ படகுல ஏறும்போது மூணு விஷயம் பாருங்க: எத்தன பேருக்கு அனுமதின்னு எழுதியிருக்கா, இப்போ எத்தன பேர் இருக்காங்க, ஆத்துல வெள்ளம் ஓடுதா. கணக்கு இடிச்சா இறங்கிடுங்க. டிக்கெட் காசு போனாப் போகட்டும். அடுத்த எபிசோட்ல பக்கிங்காம் கால்வாய். பார்க்கலாம் மக்களே.