பனி மலையில் வழித்துணை

அமெரிக்காவின் தென்மேற்குக் கோடியில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டிக் காம்போ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. வருஷந்தோறும் சித்திரை மாத வாக்கில் அங்கே ஒரு விசித்திரமான ஜனக்கூட்டம் வந்து சேருகிறது. கூட்டம் என்று சொல்வதுகூடப் பிசகுதான். பெரும்பாலும் ஒவ்வொருவராகவே வருகிறார்கள். உத்தியோகத்தை ராஜினாமாச் செய்தவர், கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்தவர், மனைவியைப் பறிகொடுத்தவர், ஓய்வு பெற்ற உபாத்தியாயர் என்று எத்தனையோ விதம். முதுகில் ஒரு மூட்டை. கொஞ்ச காலம் மனித சகவாசமே இல்லாமல் நடந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களில் பலருக்கு உண்டு.

அவர்கள் நடக்கப் போகும் வழிக்குப் 'பசிபிக் கிரெஸ்ட் டிரெயில்' என்று பெயர். மலைமுகட்டுப் பாதை என்று நாம் வைத்துக் கொள்ளலாம். கலிபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன் ஆகிய மூன்று மாகாணங்களைக் கடந்து கனடா எல்லையில் போய் முடிகிறது. நீளம் 2,650 மைல். ஏறக்குறைய ஐந்து மாத நடை. 1932-ல் கிளின்டன் கிளார்க் என்பவர் இப்படி ஒரு பாதை வேண்டும் என்று சொன்னார். ஆகிற காரியமா என்று கேட்டவர்களுக்கு, 1935 முதல் 1938 வரையில் நான்கு கோடைகளில், ஒய்.எம்.சி.ஏ. இளைஞர்கள் நாற்பது கோஷ்டிகளாகப் பிரிந்து நடந்து பதில் சொன்னார்கள். ஒரு கோஷ்டி நிறுத்திய இடத்தில் அடுத்த கோஷ்டி தொடங்கும். நடந்த விவரங்களை எழுதிய குறிப்புப் புத்தகம் ஒன்று கைக்குக் கை மாறிக் கனடா வரையில் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்குத் தலைமை வகித்த வாரன் ராஜர்ஸ், குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தினால் கால் பாதிக்கப்பட்டவர். 1968-ல் அமெரிக்க அரசாங்கம் சட்டமியற்றி இதைத் தேசியப் பாதையாக ஏற்றது. 1993-ல்தான் வேலை முழுதும் முடிந்தது.

முதல் 700 மைல் பெரும்பாலும் வறண்ட பூமி. தண்ணீர் கிடைக்காத இடங்களில் முன்பின் அறியாத புண்ணியவான்கள் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவதுண்டு. நம் தண்ணீர்ப் பந்தல் தர்மமேதான்! அவர்களை வழித் தேவதைகள் என்றே நடப்பவர்கள் அழைக்கிறார்கள். இந்த வெயில் காட்டில் தனிமை விரும்பிகளுக்குக் குறை ஒன்றுமில்லை. வேண்டுமட்டும் தனியாக இருக்கலாம்.

பாலை முடியும் இடம் கென்னடி மெடோஸ். அங்குள்ள கடைத் திண்ணையில் முன்னமே வந்து உட்கார்ந்திருப்பவர்கள், புழுதியும் தாடியுமாக வந்து சேரும் ஒவ்வொருவரையும் கை தட்டி வரவேற்கிறார்கள். வழக்கமான உபசாரம் என்று தோன்றலாம். ஆனால் தட்டுகிறவர்கள் கண்களில் வேறொரு கணக்கும் ஓடிக் கொண்டிருக்கும். இவர் நம்மோடு மலைக்கு வருவாரா?

ஏனெனில் அதற்கப்பால் ஸியர்ரா நெவாடா. அந்த ஸ்பானிஷ் பெயருக்கே பனி மூடிய மலைத்தொடர் என்று பொருள். ஜூன் மாதத்திலும் அங்கே பனி ஆளுயரத்துக்குக் கிடக்கும் வருஷங்கள் உண்டு. உருகட்டும் என்று காத்திருக்கவும் இயலாது. தாமதித்தால் வடகோடியில் அடுத்த குளிர்காலப் பனி வந்து வழியை அடைத்துவிடும். கைப்பேசி வரைபடம் பாதை இங்கேதான் என்று சத்தியம் செய்யும். பாதையோ காலுக்கடியில் பத்தடி ஆழத்தில் புதைந்திருக்கும்.

ஆகவே தனிமை விரும்பிகள் நாலைந்து பேராய்ச் சேருகிறார்கள். வழிக் குடும்பம் என்று அதற்குப் பெயர். அந்தக் குடும்பத்தில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கொள்வது அபூர்வம். ஒவ்வொருவருக்கும் ஒரு பாதைப் பெயர் உண்டு; அதைத் தானே சூட்டிக் கொள்வது வழக்கமல்ல, மற்றவர்கள்தான் சூட்ட வேண்டும். கரண்டியைத் தொலைத்தவர் ஆயுள் முழுவதும் 'கரண்டி' ஆகிவிடக் கூடும். கிழவர்களும் இருபது வயதுப் பெண்களும் தயக்கமின்றி ஒருவரையொருவர் இப்படிக் கூப்பிட்டுக் கொள்கிறார்கள். வெளியுலகில் அவர் நீதிபதியா, சமையற்காரரா என்று மாதக் கணக்கில் தெரியாமலே பழகுவது சாத்தியமாகிறது.

அதிகாலை இரண்டு மணி, மூன்று மணிக்கே நெற்றி விளக்குடன் புறப்பட வேண்டும். இரவுக் குளிரில் இறுகிய பனி, காலணியில் கட்டிய இரும்பு முட்களுக்குப் பிடி கொடுக்கும். நடுப்பகல் கடந்தால் இளகிவிடும். வைத்த கால் தொடை வரையில் இறங்கும். முதலில் செல்பவர் ஒவ்வோர் அடியையும் உதைத்துப் படி வெட்டுகிறார். பின்னால் வருகிறவர்கள் அதே குழியில் கால் வைத்துச் சுகமாக வருகிறார்கள். அவர் களைத்ததும் ஒதுங்கி நிற்க, அடுத்தவர் முன்னே போகிறார். பேச்சே தேவையில்லை.

பாதையிலேயே மிக உயர்ந்த இடம் பாரஸ்டர் கணவாய், 13,153 அடி. உச்சிக்குச் சற்றுக் கீழே செங்குத்தான பனிச் சரிவொன்றைக் குறுக்கே கடக்க வேண்டும். அகலம் சில தப்படிகள்தான்; வழுக்கினால் நிற்க இடமில்லை. பனிக் கோடாலியை ஊன்றிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் கடக்கிறார்கள். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். 1930-ல் இந்தக் கணவாய்க்கு வழி வெட்டும் வேலையில் உயிரிழந்த டோனால்ட் டௌன்ஸ் என்னும் 18 வயது இளைஞனுக்கு அங்கே ஒரு நினைவுத் தகடு பதித்திருக்கிறார்கள்.

பனியைவிடக் கொடியது அது உருகி ஓடும் ஆறு. பகல் வெயிலில் உருகிய நீர் மாலையில் பெருகி, விடியற்காலையில் வடிந்திருக்கும். அந்த வேளை பார்த்து, மூட்டையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு, பலசாலியை நீரோட்டத்துக்கு எதிரே நிறுத்தி, ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். பனி மிகுந்த 2017-ஆம் வருஷத்தில், இம்மலை ஆறுகளில் இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். வெகு தொலைவிலிருந்து, கடல் கடந்து நடக்க வந்தவர்கள் அவர்கள். அந்தச் செய்தி பாதை நெடுகப் பரவியபோது, முகம் பார்த்திராதவர்களும் சொந்தத்தில் துக்கம் நேர்ந்ததுபோல் கலங்கினார்கள்.

கூட்டம் சேர்ந்துவிட்டால் அபாயமில்லை என்று எண்ணிவிடவும் கூடாது. நாலு பேர் இறங்குகிற ஆற்றில் ஐந்தாமவருக்கு வேண்டாம் என்று சொல்ல வெட்கம். முழங்கால் வீங்கியவர், கூட்டாளிகளை விட்டுப் பிரிய மனமில்லாமல் வலியை மறைத்துக்கொண்டு நடந்து முழுதும் கெடுத்துக் கொள்கிறார். பயமாக இருக்கிறது, திரும்பலாம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லவும், மற்ற நால்வரும் முகம் சுளிக்காமல் திரும்பவும் முடிகிற குடும்பம்தான் நல்ல குடும்பம் என்று நான் சொல்வேன். படி வெட்டிக் கொடுப்பதைவிட அது கடினமான உதவி.

அரிசி பருப்பு தீர்ந்தால் ஊருக்கு இறங்க வேண்டுமல்லவா? கியர்ஸார்ஜ் கணவாய் வழியாக அவர்கள் இறங்கிச் செல்லும் ஊரின் பெயர் இண்டிபெண்டன்ஸ். சுதந்திரபுரி! யாருடைய தயவும் வேண்டாமென்று கிளம்பியவர்கள், ஒருவர் ரொட்டியை ஒருவர் பங்கிட்டுத் தின்றபடி அந்த ஊருக்குள் நுழைகிறார்கள்.

வடக்கே போகப் போகப் பனி குறைகிறது. ஆரிகன் வந்ததும் பாதை சமமாகிவிடும். வேகமாக நடப்பவர் முந்துகிறார், மெல்ல நடப்பவர் பின்தங்குகிறார். பிரிவுபசாரம் எதுவும் கிடையாது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்துக் கூடாரம் இராது. ஆனால் வழியில் ஆங்காங்கே நடப்பவர்கள் கையெழுத்திடும் நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. பின்னால் வருகிறவர் மூட்டையை இறக்குமுன்பே அதைப் புரட்டுகிறார். 'கரண்டி' மூன்று நாளைக்கு முன் இங்கே கடந்திருக்கிறார். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கரண்டிப் படமும் போட்டிருக்கிறார்.